அட்ஜஸ்ட் பண்ணாமல் ஒரு டெல்லிப் பயணம்

இந்தப் பிப்ரவரியில் நான் டெல்லிக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. என் தங்கை ஜெசிந்தா அங்கே நர்ஸ். முப்பத்திரண்டு வயதாகிறது. லோதி ரோட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் பெண் கேட்டது. மாப்பிள்ளைக்கு மத்திய அரசு வேலை. பேசி முடித்துவர என்னை அனுப்பினார்கள். திருநெல்வேலி ஸ்டேஷனில் அம்மா சொன்னது ஒன்றுதான்: "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடீ. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் பேசு."

அந்த இங்கிலீஷ் வார்த்தை, சென்னையில் டெல்லி ரயிலுக்கு மாறியபோதே என்னோடு ஏறிவிட்டது. முழங்கால் வலிக்காக முன்கூட்டியே லோயர் பெர்த் எடுத்திருந்தேன். அதில் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "மேல போய்டுங்க மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். நல்லா இருக்கே கதை! முடியாது என்றேன். நாக்பூர் தாண்டும்வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார். முறைக்கட்டும், கால் என்னுடையது.

மூன்றாம் நாள் காலை டெல்லி. குளிர் இன்னும் விடவில்லை, ஸ்வெட்டர் அவசியம். ஜனக்புரியில் ஜெசிந்தாவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று நர்ஸுகள் ஒரே அறையில். வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்யவில்லை; அவர் சொன்ன காரணமும் அதே வார்த்தைதான்.

ஞாயிறு சர்ச் முடிந்து கிளம்பினோம். ஜனக்புரி வெஸ்டில் மஜந்தா மெட்ரோ, ஹவுஸ் காஸில் மஞ்சள் வழிக்கு மாறி ஜோர் பாக். முதல் பெட்டி பெண்களுக்கு, தைரியமாக ஏறுங்கள். வெளியே ஆட்டோ பிடித்தோம். கொஞ்ச தூரத்தில் டிரைவர் இன்னொரு ஆளை ஏற்றப் பார்த்தார்.

"தோடா அட்ஜஸ்ட் கர் லீஜியே, தீதி."

"நஹி கரேங்கே, பையா." பண்ண மாட்டோம், தம்பி. எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் டீ, சமோசா, நல்ல உபசரிப்பு. குறை சொல்ல மாட்டேன். தூத்துக்குடி மக்ரூன் பெட்டியை, பேச்சு முடிந்ததும் கொடுக்கலாம் என்று பையிலேயே வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா முப்பது வருட டெல்லிக்காரர். "அச்சா, ஒண்ணு சொல்லிடறேன். கல்யாணத்துக்கு அப்புறம் நைட் டியூட்டி, வேலை எல்லாம் வேண்டாம். பொண்ணு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா எல்லாம் டீக் ஆயிடும், சரியாப் போயிடும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து வருடமாக அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது. வாயைத் திறந்தேன். ஜெசிந்தா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஏக்கா, நீ பேசாத. நானே கேக்கேன்." மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நான் வேலைய விடணும்னு சொல்லுதாக. சரி, நீங்க எத அட்ஜஸ்ட் பண்ணுவீங்க?"

அவர் திரும்பி அவருடைய அம்மாவைப் பார்த்தார்.

ஜெசிந்தா டீ கிளாஸைக் கீழே வைத்து எழுந்துவிட்டாள். நானும் பையைத் தூக்கிக்கொண்டேன். ஊரில் எங்கள் அம்மாவிடம் போனில் நானே சொன்னேன். திட்டினாள், அழுதாள். வாங்கிக்கொண்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். இந்த வார்த்தையைச் சொல்பவர் உட்கார்ந்தே இருக்கிறார். நகர்வது எப்போதும் எதிரில் இருப்பவர்தான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய் நான் பார்த்தது இதுதான்.

போகிறவர்களுக்கு: லோயர் பெர்த் எடுத்தால் விடாதீர்கள். ஆட்டோவில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். 'நஹி கரேங்கே' என்பதைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே ஜெசிந்தா சீருடையை இஸ்திரி போட்டு, நைட் டியூட்டிக்குக் கிளம்பினாள். மக்ரூன் பெட்டியையும் வார்டுக்கு எடுத்துப் போனாள். காலையில் காலிப் பெட்டியோடு வந்து, "எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சுக்கா" என்றாள்.