ஒரே பறவையை எல்லா போனிலும் பறக்கவிட்டவள்

ஏஞ்சலுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். எதையாவது பார்க்க ஆரம்பித்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள். அம்மா கங்கையம்மாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பாத்துக்கோமா, தோ வந்துட்றேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவாள். ஏஞ்சல் பார்ப்பாள். பாலின் மேல் ஆடை கட்டுவதும், ஓரத்தில் சுருக்கம் விழுவதும், நடுவில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு மேடு எழும்புவதும் அவ்வளவு அழகாக இருக்கும். பொங்கி அடுப்பே அணைந்தபிறகும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். திரும்பி வந்த கங்கையம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருந்தே?"

"பாக்கச் சொன்னியேமா. பாத்துக்கினுதான் இருந்தேன்."

இந்தப் பழக்கத்துக்குப் பிற்காலத்தில் சம்பளமே கிடைக்கும் என்று கங்கையம்மாளிடம் அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

ஏஞ்சல் காஞ்சிபுரத்திலேயே பி.சி.ஏ. படித்தாள். கொஞ்ச காலம் சென்னைக்கு ரயிலில் போய்வந்து வேலை பார்த்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து இறங்க வேண்டிய ஸ்டேஷனைப் பலமுறை தவறவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, சின்னச் சின்ன விளையாட்டுகளைச் செய்யும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்தாள். அவர்கள் செய்கிற விளையாட்டை எல்லா பிரவுசரிலும் எல்லா போனிலும் திறந்து பார்த்து, எங்கே ஓடுகிறது, எங்கே ஓடவில்லை என்று சொல்வதுதான் வேலை. பார்ப்பதுதான் வேலை என்றதும் ஏஞ்சல் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள்.

வீடு பிள்ளையார்பாளையத்தில், மாடியில் வாடகைக்கு. கணவன் கிறிஸ்டோபர் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான். ராத்திரி ஷிப்டுக்காரர்களை விடிந்ததும் இறக்கிவிட்டு வந்து படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பான். அவன் தூங்க, அந்த அறையின் இன்னொரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். கீழ்வீட்டில் அம்சா அக்காவின் தறி ஓடும். அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக்கு வந்து, அவள் முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் விழித்திருப்பதற்கும் தூங்குவதற்கும் பெரிய தூரம் இருந்ததில்லை.

ஒரு ஆடி மாதம் புது விளையாட்டு ஒன்று வந்தது. கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்த வெங்கடேசன் போனில் விளக்கினார்.

"ஒரு வெள்ளைக் காகிதப் பறவை, ஏஞ்சல். அவ்ளோதான். கேமராவுல எது தெரியுதோ அது மேல பறக்கும். விரல் வெச்ச எடத்துக்கு வரும். சும்மா விட்டா எங்கயாவது உக்காந்துக்கும்."

"ஜெயிக்கிறது, தோக்கறது?"

"ஒண்ணும் கெடயாது. பறக்கும், உக்காரும்."

அவளுக்கு அந்த விளையாட்டு உடனே பிடித்துப்போயிற்று.

பிரவுசரில் ஓடுவதற்கென்று மாற்றி அனுப்பியிருந்த பைல்கள் ஒரு போல்டரில் வந்தன. அதை நேராகத் திறந்தால் வெறும் சாம்பல் திரைதான் வரும். பிரவுசர் அப்படி உள்ளே விடாது. தன் கம்ப்யூட்டரிலேயே இணையதளம்போல நடிக்கும் ஒரு குட்டி சர்வரை ஓடவிட்டு, அதன் வழியாகத் திறக்க வேண்டும். தன் வீட்டுக் கதவைத் தானே வெளியே போய்நின்று தட்டுகிற மாதிரி என்று ஏஞ்சல் நினைத்துக்கொள்வாள். தட்டினாள். கதவு திறந்தது. லேப்டாப்பின் கேமரா விழித்துக்கொள்ள, தூங்கும் கிறிஸ்டோபரின் மேல் வெள்ளைப் பறவை ஒரு சுற்று சுற்றி அவன் தோளில் உட்கார்ந்தது. அவன் மூச்சு விட விட, பறவையும் ஏறி இறங்குவதுபோல் இருந்தது.

ஒரு பிரவுசரில் அது வேகமாகப் பறந்தது. இன்னொன்றில் சிறகடிக்கும்போது நடுவில் ஒரு கணம் தயங்கியது. மூன்றாவதில் கேமராவைத் திறக்கலாமா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுவிட்டுத்தான் வந்தது. எல்லாவற்றையும் குறித்து அனுப்பினாள்.

அடுத்தது போன். வீட்டு வைபையில் லேப்டாப்பின் முகவரியைப் போட்டுத் தன் போனில் திறந்தாள். பறவை வந்தது, கேமரா வரவில்லை. கறுப்பு வெளியில் அது தனியாகச் சுற்றியது. பாதுகாப்புக்கான பூட்டுக்குறி இல்லாத முகவரிக்கு பிரவுசர் கேமராவைக் கொடுக்காது என்று அவளுக்குத் தெரியும். வெங்கடேசனிடம் சொல்லி கம்பெனி சர்வரில் ஏற்றச் செய்தாள். அதன்பிறகு பறவை வெளியே கிளம்பிவிட்டது. மொட்டைமாடியில் காயும் துணி மேல் பறந்தது. கடைத்தெருவில் பூக்காரி கூடையில் உட்கார்ந்தது. திருப்பருத்திக்குன்றத்துக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, தண்ணீரில்லாத வேகவதி ஆற்றின் மேல் அதைக் கொஞ்சநேரம் பறக்கவிட்டாள்.

அம்சா அக்காவின் பழைய போனில் அது நின்று நின்று நகர்ந்தது.

"இன்னா ஏஞ்சலு, உன் பறவைக்கு முட்டிவலியா?"

"உங்க போனுக்குதான்க்கா முட்டிவலி."

அம்சா சிரித்துக்கொண்டே போனை வாங்கி, தறியில் ஏறியிருந்த நீலப் பட்டின் மேல் பிடித்தாள். பறவை நீலத்தின் மேல் தத்தித் தத்திப் போயிற்று. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

ஐபோன் மட்டும் பாக்கி. அவளிடமும் இல்லை, தெருவில் தெரிந்தவர்களிடமும் இல்லை. இதற்கென்றே வாடகைப் போன் கொடுக்கும் ஒரு இடத்தில் கம்பெனி பணம் கட்டியிருந்தது. எங்கோ ஒரு ஊரில் ஒரு அறை முழுக்கப் போன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் அதன் திரை இங்கே லேப்டாப்பில் தெரியும். இங்கே மவுஸை அழுத்தினால் அங்கே விரல் பட்ட மாதிரி. கேமராக்களை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மூடிவைத்திருப்பார்கள். ஏஞ்சல் ஒரு ஐபோனைத் திறந்து, பறவையை வரவழைத்தாள். கேமரா கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

கூரை தெரிந்தது.

மஞ்சளேறிய சுண்ணாம்புக் கூரை. மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறி. ஓரத்தில் எங்கிருந்தோ விழும் வெளிச்சம் ஒரு துண்டு. அந்தப் போனின் ஸ்டிக்கர் எப்போதோ உதிர்ந்துபோயிருக்க வேண்டும். ஏஞ்சல் மவுஸை நகர்த்தினாள். அவள் கண்டிராத ஊரில், அவள் மிதித்திராத அறையில், அவளுடைய பறவை விசிறியைச் சுற்றிவந்து அந்த வெளிச்சத் துண்டில் உட்கார்ந்தது.

அன்றைக்கு வேலை முடிந்த பிறகும் அவள் அதை மூடவில்லை. மறுநாள் காலையும் அதே போனைத் தேடித் திறந்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. வெளிச்சத் துண்டு காலையில் நீளமாக இருக்கும், வெயில் ஏற ஏறக் குறுகி மூலைக்குப் போய்விடும். சில நாள் வரவே வராது. அங்கே மேகம் என்று அவள் புரிந்துகொள்வாள். இங்கே காஞ்சிபுரத்தில் வெயில் கொளுத்தும்போது அந்தக் கூரையைப் பார்த்தால் உடம்பு குளிர்வதுபோல் இருக்கும். எந்த ஊர் என்று யாரிடமும் கேட்கவில்லை. தெரிந்துவிட்டால் அது வெறும் ஓர் ஊராகிவிடும் என்று ஒரு பயம்.

வெங்கடேசன் கேட்டார். "ஐபோன்ல முடிஞ்சுதா, ஏஞ்சல்?"

"பறவை நல்லா பறக்குது சார். இன்னும் கொஞ்சம் பாத்துடறேன்."

"நல்லா பறந்தா அப்பறம் இன்னாத்த பாக்கறே?"

போனை வைத்ததும் அவள் மறுபடியும் அந்தக் கூரையைத் திறந்தாள்.

ஒருநாள் காலை கூரைக்குக் குறுக்கே ஒரு நிழல் விழுந்தது. ஈரத்துணி ஒன்று திரையைத் துடைத்துக்கொண்டு போனது. துணி விலகியதும் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. ஏஞ்சல் வயதுதான் இருக்கும். காதில் சின்னத் தோடு, ஸ்வெட்டர் போட்டிருந்தாள். போனைத் துடைக்கக் குனிந்தவள், திரையில் தன் முகத்தையே கண்டு நின்றுவிட்டாள். சும்மா விடப்பட்டிருந்த பறவை போய் அவள் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அவள் தலையை மெல்ல இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, நேராக ஏஞ்சலின் கண்ணைப் பார்த்து.

ஏஞ்சல் சட்டென்று லேப்டாப்பை மூடினாள்.

அந்தச் சத்தத்தில் கிறிஸ்டோபர் விழித்துக்கொண்டான். "இன்னாமா ஆச்சு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் படுத்தபடியே கேட்டான்.

"அந்தப் பொண்ணுக்கு நீ பாக்கறது தெரியுமா?"

"தெரியாதுபா. பறவையைத்தான் பாத்துச்சு."

"அப்போ சொல்லிடு. நாளைக்கு உன்ன மாதிரி வேற எவனாவது பாத்துக்கினு இருப்பான். அவன் உன்ன மாதிரி இருப்பானான்னு தெரியாதில்ல."

அவ்வளவு சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் சொன்னது நியாயம் என்பது அவளுக்கு முன்பே தெரிந்துதான் இருந்தது. சொல்லிவிட்டால் கூரை போய்விடும் என்பதும் தெரிந்திருந்தது. கொஞ்சநேரம் மொட்டைமாடியில் நின்றுவிட்டு வந்து, அந்த வாடகைப் போன்காரர்களுக்குச் செய்தி அனுப்பினாள். இந்தப் போனின் முன்கேமராவில் ஸ்டிக்கர் இல்லை, அறையும் ஆளும் தெரிகிறது, தயவுசெய்து மூடிவிடுங்கள். கீழே தன் பெயரும் நம்பரும்.

மத்தியானத்துக்குள் போன் வந்தது.

"ஏஞ்சல் மேடமா? நான் சுகாசினி பேசறேங்க, ஓசூர்ல இருந்து. இங்க போனெல்லாம் நான்தான் பாத்துக்கறேன்."

அவள் நினைத்து வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் தடித்த குரல். ஏஞ்சல் முந்திக்கொண்டாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நான் வேணும்னு..."

"அய்யோ, அதுக்கில்லீங்க. நீங்க சொன்னதுக்குத் தேங்க்ஸ் சொல்லத்தான் பண்ணேன். எவ்ளோ நாளா அப்படி இருந்துச்சோ, எனக்கே பக்குனு ஆயிடுச்சு. இப்போ ஒட்டிடறேன். அந்தக் குருவி உங்களுதா?"

"கம்பெனியுது. நான் டெஸ்ட் பண்றேன்."

"நல்லா இருந்துச்சுங்க. என் தலையில வந்து உக்காந்துச்சே. ஆனா பாவம், எங்க ஆபீஸ் கூரையத்தான பாத்துக்கிட்டிருக்கு. ஒட்டறதுக்கு முன்னாடி ஜன்னல்ல வெக்கட்டுமா? டெஸ்டுக்குன்னு கேட்டா வெக்கலாம், ரூல் இருக்குது."

ஏஞ்சல் லேப்டாப்பைத் திறந்தாள். "வைங்க," என்றாள்.

கூரை ஆடியது. விசிறி சாய்ந்து மறைந்தது. அடுக்கடுக்காகப் போன்கள் மினுங்கும் பலகைகள் வேகமாகக் கடந்துபோயின. பிறகு திரை முழுக்க வெளிச்சம் பாய்ந்தது. ஓசூர் வானம். வெள்ளை மேகங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஏஞ்சல் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்தாள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. போனில் சுகாசினியின் மூச்சு கேட்டது. இரண்டு பெண்களும் ஒரே ஜன்னலில் சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது.

"குருவி எங்கீங்க காணோம்?" என்றாள், பக்கவாட்டிலிருந்து போன் திரையை எட்டிப் பார்த்த சுகாசினி.

அப்போதுதான் ஏஞ்சலுக்கு உறைத்தது. மவுஸை அழுத்தினாள். பறவை வரவில்லை. மறுபடியும் அழுத்தினாள். உற்றுப் பார்த்தபோது, மேகத்தின் மேல் மேகம்போல் ஏதோ நெளிந்தது.

"இருக்குதுங்க. ஆனா தெரியல."

மற்ற எல்லாப் போனிலும் பறவையைச் சுற்றி மெல்லிய நிழல் ஒன்று இருந்தது. அந்த நிழல்தான் வெளிச்சத்தில் அதைக் காட்டிக்கொடுத்தது. ஐபோன் பிரவுசர் மட்டும் அந்த நிழலை வரையவே இல்லை. மஞ்சள் கூரையின் முன்னால் வெள்ளைப் பறவை பளிச்சென்று தெரிந்ததால், இத்தனை நாள் பார்த்தும் அவள் அதைக் கவனிக்கவில்லை. இப்படியே வெளியே விட்டிருந்தால், ஐபோனை வானத்தை நோக்கிப் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் வெறும் வானம்தான் தெரிந்திருக்கும். பறவை என்றால் யார்தான் முதலில் வானத்தைப் பார்க்கமாட்டார்கள்?

வெங்கடேசனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் தன் ஐபோனை வெளியே எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நான் ஆபீஸ்க்குள்ளயே பாத்துட்டு ஓகேன்னுட்டேன்மா," என்றார். "நீ எங்க போயி பாத்தே?"

"ஓசூர்ல சார்."

நிழலை பிரவுசரிடம் விடாமல், பறவையின் படத்திலேயே வரைந்துவிட்டார்கள். புதிதாக சர்வரில் ஏற்றியதும் ஏஞ்சல் சுகாசினியைக் கூப்பிட்டாள். ஸ்டிக்கரை அவள் ஏற்கெனவே ஒட்டிவிட்டிருந்தாள். கேட்டதும் எடுத்துவிட்டுப் போனை ஜன்னலில் வைத்தாள். அன்றைக்கு அங்கே தூறல். கண்ணாடியில் நீர்த்துளிகள் இறங்கின. சாம்பல் வானத்தில், மையால் கோடிழுத்த மாதிரி விளிம்போடு, வெள்ளைப் பறவை வந்தது. துளிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. காகிதம் நனையவில்லை.

"இப்போ தெரியுதுங்க," என்றாள் சுகாசினி.

"எனக்கும் தெரியுது."

வேலை முடிந்தது. ஆனாலும் இரண்டு பேருமே ஒட்டலாம் என்று சொல்லவில்லை. மழை வலுத்தபோது கண்ணாடி இடுக்கு வழியாகச் சாரல் புகுந்து ஜன்னலோரம் நனையத் தொடங்கியது. "போன் கெட்டுடும்ங்க," என்று சுகாசினிதான் சொன்னாள். ஒரு விரல் பெரிதாக நெருங்கி வந்தது. பிறகு திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் பறவை மட்டும் கொஞ்சநேரம் சுற்றிவிட்டு, உட்கார இடம் கிடைத்தாற்போல் நின்றது.

ஆனால் போனில் பேச்சு நிற்கவில்லை. ஓசூரில் என்ன சமையல் என்று இவள் கேட்டாள். காஞ்சிபுரத்தில் வெயிலா என்று அவள் கேட்டாள். பட்டு எடுக்க வரணும் என்று அவளும் எல்லோரையும்போலச் சொன்னாள். வந்தா சொல்லுங்க, கீழ்வீட்டு அக்காகிட்ட கூட்டிக்கினு போறேன் என்றாள் இவள்.

கிறிஸ்டோபர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவள் போனும் கையுமாக இன்னும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே நல்ல வெயில்.

"யாருமா போன்ல?"

"ஓசூர்ல ஒரு பிரெண்டு."

"ஓசூருக்கு நீ எப்போ போனே?"

"இப்போதான் வந்தேன்," என்றாள் ஏஞ்சல். "நல்ல மழைபா அங்க."

அவன் உள்ளே போய் இரண்டு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தான்.