முக்கால் சலூனில் கூடைப்பந்து

முக்கால் என்று கூப்பிட்டால் சலூன்காரருக்குக் கோபம் வராது. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். முழு ஆள் இல்லை, முக்கால் ஆள்தான் என்று எவனோ சொல்லப்போக, அது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கடை வாசலில் அவர் எழுதி மாட்டியிருக்கும் அழகான பெயரை ஒருவரும் படித்ததில்லை. அவரும் போனை எடுத்தால், “முக்கால்தான் பேசறேன், சொல்லுங்க” என்பார்.

அந்த முக்காலுக்கு உயிர் கூடைப்பந்து. சிரிப்பு வருகிறதா? பள்ளியில் அணியில் சேரப் போனபோது பயிற்சியாளருக்கும் வந்தது. அவர் இவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில் முக்கால் கெட்டிக்காரர். நெட்டைப் பையன்களின் கைக்கு அடியில் புகுந்து போய்விடுவார். பிறகு மற்றவர்கள் எல்லாரும் வளர்ந்தார்கள், இவர் மட்டும் நின்றுவிட்டார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. மனம் கசந்திருக்கலாம். கசக்கவில்லை. ஆடக் கிடைக்காத ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைச் சந்தோஷமாக ஓட்டிவிட்டார்.

அதே பள்ளியில் அவர் பக்கத்து இருக்கையில் ஒரு நெட்டையன் இருந்தான். அதே பயிற்சியாளர் அவனிடம் கெஞ்சினார். “வாடா, நீ சும்மா வந்து வளையத்துக்குக் கீழ நின்னா போதும்.” அவன் போகவில்லை. கால்பந்து மைதானத்துக்கு ஓடினான். வளர்ந்து தச்சரானான். முக்கால் அவன் தங்கையைக் கட்டிக்கொண்டதால் மச்சானும் ஆனான். சலூன் திறந்தபோது, நாற்காலியைச் சுற்றி நின்று வேலை செய்ய முக்காலுக்கு ஒரு பலகை செய்து கொடுத்ததும் அந்தத் தச்சர்தான். வளைவாக, ஆடாமல், ஓரத்தில் கால் இடறாதபடி இழைத்த பலகை. அதில் ஏறி நின்றால் எந்தத் தலையின் உச்சியும் முக்காலுக்கு எட்டும்.

சலூன் கண்ணாடிக்கு மேலே ஒரு டிவி. எந்நேரமும் ஏதாவது ஒரு ஆட்டம் ஓடும், ஆட்டத்தைவிடச் சத்தமாக வாதம் ஓடும். டயர் கடைக்காரருக்குக் குத்துச்சண்டை. ஒத்தை ஆளாக நின்று அடி வாங்குபவன்தான் வீரன், மற்றதெல்லாம் கும்பல் என்பார். கணக்கு வாத்தியாருக்கு டென்னிஸ். முக்கால் யாரையும் விடமாட்டார்.

“டென்னிஸ்காரன் பெரிய ஆள்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு பந்துக்கும் நடுவுல துண்டு எடுத்துத் தொடைச்சுக்கறான். எங்க ஆளுக்கு அந்த நேரம் ஏது? இந்தப் பக்கம் பந்தைப் போட்டுட்டு மூச்சு விடறதுக்குள்ள அந்தப் பக்கம் போய்த் தடுக்கணும். அடிக்கிறதும் அவனே, தடுக்கிறதும் அவனே. எங்க, தலையைக் கொஞ்சம் குனிங்க.”

வாத்தியார் குனிவார். கழுத்தோரம் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? “குத்துச்சண்டைக்காரனோ கூடைப்பந்துக்காரனோ, எப்பேர்ப்பட்ட கொம்பனா இருந்தாலும் என் முன்னால தலை குனிஞ்சுதான் ஆகணும்” என்பது முக்கால் கடையின் நிரந்தர ஜோக். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

அடங்காதவர் தச்சர் ஒருவர்தான். கத்தியைத் தள்ளிவிட்டுப் பேசுவார். ஒரு நாள் அப்படித்தான் ஆரம்பித்தார்.

“உங்க ஆட்டத்துல மழை மாதிரி பாயிண்ட் கொட்டுது மாப்ள. கொட்டறதுக்கு என்ன மதிப்பு? எங்க ஆளு ஒரே ஒரு கோல் போட்டா ஊரே எழுந்து நிக்குது.”

“அந்த ஒரு கோலுக்கு ஒன்றரை மணி நேரம் வாயைப் பிளந்துக்கிட்டு உட்காரணுமே மச்சான்! அதுக்கு பஸ் ஸ்டாப்புல உட்காரலாம். அதுவும் உங்க ஆளுங்க, காத்து பட்டாலே விழுந்து உருள்றாங்க.”

கடையே சிரித்தது. தச்சருக்கு அன்று வேறு ஏதோ எரிச்சல். சட்டென்று சொல்லிவிட்டார்.

“உசரமாப் பொறந்ததுக்கெல்லாம் கைதட்டணுமா? எனக்குக்கூடத்தான் உசரம் இருக்கு, எவன் தட்டினான்? உசரம் இல்லாதவன்தான் உசரத்தை இப்படிக் கொண்டாடுவான்.”

சிரிப்பு நின்றது. முக்கால் என்ற பெயரை ஆயிரம் வாயிலிருந்து கேட்டுச் சிரித்தவருக்கு, இந்த ஒரு வாயிலிருந்து வந்தது சுருக்கென்று தைத்தது. கத்தரியைக் கீழே வைத்தார். பலகையிலிருந்து இறங்கினார்.

“உன் பலகையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

தச்சரும் பலகையைத் தூக்கிக்கொண்டார். வாசலில் திரும்பி, “இனி உன் முன்னால தலை குனிஞ்சேன்னா என்னை என்னன்னு கேளு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு முக்கால் நுனிக்காலில் நின்று முடி வெட்டினார். வாடிக்கையாளர்களை நாற்காலியில் சரிந்து உட்காரச் சொன்னார். கெண்டைக்கால் கெஞ்சியது. வேறு பலகைக்குச் சொல்லலாமே என்று மனைவி கேட்டால், “பார்க்கலாம்” என்பார். பார்க்கவில்லை. ஆட்டம் பார்ப்பதிலும் ருசி போய்விட்டது. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது?

தச்சரின் தலையோ காடாக வளர்ந்தது. காதை மறைத்து, தோளைத் தொட்டு, கடைசியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டும் அளவுக்கு வந்தது. தெருவுக்கு இரண்டு சலூன் இருக்கும் இடத்தில் அவர் எதற்குள்ளும் நுழையவில்லை. முக்கால் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். கவனித்து, வெளியே காட்டாமல் உள்ளுக்குள் குளிர்ந்தார்.

தச்சர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவள் அழைக்க வந்தபோது அத்தைக்காரியான முக்காலின் மனைவி பேச்சை எடுத்தாள்.

“உங்கப்பன் அந்தக் கோலத்துலயா போட்டோவுக்கு நிக்கப்போறான்?”

“கேட்டா, வெட்டறவன் கூப்பிட்டா போறேன்னு சொல்றாரு அத்தை.” அவள் முக்காலைப் பார்த்தாள். “நீங்க கூப்பிடுங்களேன் மாமா.”

“கடை திறந்துதாம்மா இருக்கு” என்றார் முக்கால். கூப்பிட்டு, அவன் வராமல் போய்விட்டால்? அந்தப் பயம்தான். கல்யாண வீட்டில் மூன்றாம் மனிதனைப்போல ஓரமாக நின்றுவிட்டு வரவேண்டியிருக்குமோ என்றும் பயந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கடை வாசலில் நிழல் விழுந்தது. தச்சர் தலையைத் தாழ்த்தி நிலைக்கு அடியில் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். முக்கால் துணியை உதறிப் போர்த்தினார். டிவியில் கூடைப்பந்து. இருவரும் அதையே பார்த்தார்கள்.

முன்பக்கம், பக்கவாட்டு எல்லாம் ஆயிற்று. உச்சியும் பிடரியும் பாக்கி. தலையைக் குனி என்று சொல்லவேண்டிய இடம். இத்தனை நாளாக, அவன் வந்தால் இந்தச் சொல்லை எப்படி நிறுத்தி நிதானமாகச் சொல்வது என்று முக்கால் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். இப்போது நாக்கு எழவில்லை. பெண்ணைப் பெற்றவனிடம், கல்யாணத்துக்கு முதல் நாள், அதை எப்படிச் சொல்வது? நுனிக்காலில் எம்பி, நாற்காலியின் முதுகில் சாய்ந்து, கையை நீட்டி வெட்டப் பார்த்தார். கத்தரி காற்றில் ஆடியது.

தச்சர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தலையைக் குனிந்தார். முகவாய் மார்பில் படும்வரை குனிந்தார்.

“வெட்டு மாப்ள.”

முக்காலுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்திருந்த தலைக்கு அது தெரியாதது நல்லதாயிற்று. உச்சியை வெட்டத் தொடங்கினார்.

துணிக்கு உள்ளிருந்து குரல் வந்தது. “அன்னிக்கு நான் பேசினது தப்பு. ஆனா ஒண்ணு கேட்கறேன். உன் கூடைப்பந்து ஸ்டார் ஒருத்தன் இங்க வந்தா, நீ எப்படி எட்டுவே?”

“அவன் குனிவான் மச்சான். எவ்வளவு உசரமானவனா இருந்தாலும் பந்தைத் தட்டணும்னா குனியணும். குனியத் தெரியாத நெட்டைக்கிட்டேருந்து பந்தை எவனும் பிடுங்கிடுவான். நானே எத்தனை பேர்கிட்ட பிடுங்கியிருக்கேன். உசரம் மட்டும் இல்ல அந்த ஆட்டம்.”

“எங்க ஆளுங்க தலையாலயே முட்டி கோல் போடுவாங்க.”

“முட்டினப்புறம் உருளுவாங்களே, அதையும் சொல்லு.”

இருவரும் சிரித்ததில் கத்தரி கொஞ்சம் கோணலாகப் போயிற்று. அதைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் குறைக்கவேண்டி வந்தது.

வேலை முடிந்ததும் தச்சர் எழுந்து வெளியே போய், வண்டியின் பின்னால் கட்டியிருந்த பலகையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நாற்காலிக்குப் பின்னால், பழைய இடத்திலேயே பொருத்தி வைத்தார். முக்காலுக்குச் சற்றுக் கோபமே வந்தது.

“வரும்போதே உள்ள கொண்டு வந்திருக்கலாம்ல? குதிச்சுக் குதிச்சு உயிரே போச்சு எனக்கு.”

தச்சர் கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்.

“கொண்டு வந்திருந்தா நீ உசந்து நின்னிருப்பே மாப்ள. நான் குனிஞ்சது தெரியாமப் போயிருக்கும்.”