பிள்ளை வாய்க்குப் போகாத முதல் கரண்டி

மாரியம்மாவை நம்பி வாழ்ற உங்க எல்லாருக்கும் வணக்கம். என் பேரு சிவராஜ். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல, ஃபெக்டரியில வேலை. போன ஐப்பசி அடைமழையில என் மகளைப் பறிகொடுக்கப் பார்த்தேன். அம்மா எப்படிக் காப்பாத்தினான்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

என் சம்சாரம் குவைத்துல வீட்டு வேலை செய்றா. மகள் கவிஷாவுக்கு அப்ப மூணு வயசுகூட முடியல. நானும் அவளும் மட்டும்தான் வீட்டுல. அன்னைக்கு விடியும்போதே அவளுக்கு வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. தண்ணி மாதிரி போச்சு. கூடவே வாந்தி. மழையில நாங்க குடிக்கிற மலை ஊத்துப் பீலித் தண்ணி சேறாக் கலங்கி வந்துச்சு, அதுதான் காரணம்னு நினைக்கிறேன். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள்ள பிள்ளையோட கண்ணு உள்ள போயிருச்சு. உதடு காஞ்சுபோச்சு. அழுதா, கண்ணீர் வரல.

ஆட்டோக்காரருக்குப் போன்ல கோல் எடுத்தேன். "அண்ணே, கீழ ரோட்டுல மண் சரிஞ்சு கிடக்கு. ஒரு வண்டியும் வராது"ன்னாரு.

எனக்குக் கை கால் ஓடல. வாசலுக்குப் போவேன், உள்ள வருவேன், பிள்ளையைத் தூக்குவேன், படுக்க வைப்பேன். போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சம்சாரம்தான். என்னத்தைச் சொல்றது? எடுக்கவே பயமா இருந்துச்சு.

அவ போறப்போ ரெண்டு ஜீவனி பக்கெட் வாங்கி வச்சிட்டுப் போயிருந்தா, வயித்தால போனா ஒரு போத்தல் தண்ணியில கரைச்சுக் குடுக்கிற உப்புத் தூள். பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா, "தம்பி, இம்புட்டுச் சின்னப் பிள்ளை எப்படி ஒரு போத்தல் குடிக்கும்? ஒரு டம்ளர்ல முழுசாக் கரைச்சு ஊட்டு. கெட்டியா இருந்தா வேகமா வேலை செய்யும்"னாங்க. பாசத்துலதான் சொன்னாங்க. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. கரைச்சேன். கரண்டியையும் எடுத்துட்டேன்.

என்னமோ தெரியல, ஊட்ட மனசு வரல. கரண்டியைக் கீழ வச்சிட்டு அம்மா படத்துக்கு முன்னாடி விழுந்தேன். "தாயே, பாதையை அடைச்சிட்டியே! இனி நான் யாருகிட்ட போவேன்? நீயே யாரையாவது அனுப்பு"ன்னு வாய்விட்டுக் கத்தினேன்.

எந்திரிச்சப்போ வாசல்ல குடையோட மிட்வைஃப் மிஸ் நின்னாங்க. முந்தின நாள் பிள்ளைகளுக்கு நிறை பார்க்க வந்தவங்க. ராத்திரி தோட்டத்துலயே தங்கி, காலையில பதுளை டவுனுக்குப் புறப்பட்டு, மண் சரிஞ்சதைப் பார்த்துட்டுத் திரும்பி வந்திருக்காங்க. என் சத்தம் கேட்டு ஏறி வந்தாங்களாம்.

டம்ளரைப் பார்த்தாங்க. "ஒரு பக்கெட்டும் இதுலயா? குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல மிஸ்."

"குடுக்க வேணாம்! உப்பு கூடினா பிள்ளைக்கு வலிப்பு வரும். நாங்க ஒரு லீட்டர் சொன்னா ஒரு லீட்டர்தான். கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

அதைக் கீழ ஊத்திட்டு, கொதிச்சு ஆறின தண்ணியை ஒரு லீட்டர் போத்தல்ல சரியா அளந்து, மத்தப் பக்கெட்டைக் கரைச்சாங்க. சீனியோ பாலோ சேர்க்கல. பிள்ளையை மடியில நிமிர்த்தி வச்சு, கரண்டி கரண்டியா ஊட்டச் சொன்னாங்க. கவிஷா உடனே வாந்தி எடுத்துட்டா. நான் பதறிட்டேன். "பத்து நிமிஷம் பொறுங்க. பிறகு இன்னும் மெதுவாக் குடுங்க"ன்னாங்க.

"மிஸ், பிள்ளை பிழைக்குமா?"

"குடிக்குது இல்லையா? குடிக்கிற வரைக்கும் பயம் இல்ல. குடிக்க மாட்டேன்னா, மயங்கினா, வெளிய போறதுல ரத்தம் கண்டா, அந்த மண்ணு மேல தூக்கிக்கிட்டாவது ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நானும் வாறேன்."

நான் ஊட்டினேன். ஒவ்வொரு கரண்டிக்கும் "அம்மா, அம்மா"ன்னு சொல்லிக்கிட்டே ஊட்டினேன். வயித்தால போறப்பல்லாம் அரைக் கப், ஒரு கப்னு திரும்பவும் கொடுத்தோம். மத்தியானம் தாண்டிருச்சு. மனசு ஒரு இடத்துல நிக்கல. அவ முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் நான் கட்டியிருந்த சாரம் சூடா நனைஞ்சுச்சு. பிள்ளை மூத்திரம் பேஞ்சிருந்தா! "தண்ணி உடம்புல பிடிச்சிருச்சு"ன்னு மிஸ் சிரிச்சுட்டாங்க. நான் ஏங்கி ஏங்கி அழுதேன். கொஞ்ச நேரத்துல கவிஷா, "அப்பா, சோறு"ன்னா. கஞ்சி குடுத்தோம். அதுக்கப்புறம்தான் சம்சாரத்துக்குக் கோல் எடுத்தேன். மறுநாள் மண்ணை அள்ளினதும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். இனிப் பயம் இல்லன்னாங்க.

பாதையை அடைச்சிட்டாளேன்னு நான் ஏசினேன். அடைச்சதாலதானே மிஸ் எங்க பக்கம் நின்னாங்க. இதை நினைச்சா இன்னைக்கும் உடம்பு சிலிர்க்குது.

முன்னெல்லாம் திருவிழாவுக்கு மட்டும்தான் கோயில் பக்கம் வருவேன். இப்ப வெள்ளிக்கிழமை தவறினா மனசு கேக்காது. தண்ணியைக் கொதிக்க வைக்காம பிள்ளைக்குக் கொடுக்கிறதில்ல. கரைச்ச ஜீவனி மறுநாளுக்கு மிஞ்சினா கீழ ஊத்திடுவேன். எங்க லயத்து வீடுகள்ல யாருக்கு வயித்தால போனாலும், அந்த லீட்டர் போத்தலை எடுத்துக்கிட்டு நானே போறேன். பாக்கியம் அக்காவும் கூட வர்றாங்க.

உங்க வீட்டுலயும் ஒரு நாள் இப்படி வரலாம். அன்னைக்குக் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்காதீங்க. அம்மாவைக் கூப்பிடுங்க. யாரை அனுப்பணும்னு அவளுக்குத் தெரியும். வந்தவங்க சொல்றதை மட்டும் தட்டாமக் கேளுங்க.