இருபுரி நூல்

இடித்துப் பானையில் ஊறப்போட்ட பனிச்சங்காயின் வாடை துவர்ப்பும் புளிப்புமாக மூக்கில் ஏறி, மெல்ல அழுகல் நாற்றமாக மாறும்போது, வாளையாற்றில் புதுவெள்ளம் வரப்போகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அந்தக் கறையில் தோய்த்த பருத்தி நூல் கறுத்து விறைத்து, எத்தனை நேரம் தண்ணீரில் கிடந்தாலும் மக்காது. தூண்டில் நூல் முறுக்குவது அம்மாவின் வேலை. எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. முள்ளைத் தீட்டுவதும் ஈயக்குண்டு கோப்பதும் 'அய்யன்' வேலை. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்.

அய்யனுக்குச் சொந்தமாக ஒரு பரிசல் இருந்தது. மூங்கில் வரிச்சுகளை வட்டமாகப் பின்னி எருமைத்தோல் போர்த்தியது. ஒருவர் உட்கார்ந்த பின் இன்னொருவர் ஏறத் தயங்கும் அளவு. மழை நாட்களில் அதில் ஏறி, ஆற்றின் ஆழமான மடுவுக்கு, நாங்கள் 'கயம்' என்று சொல்லும் இடத்துக்குப் போவார். துடுப்புக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால் நூலின் முனையைப் பரிசலின் வரிச்சிலேயே கட்டிவிடுவார். அதனால் கரையில் நின்று பிடிக்க மூன்று புரி நூல், பரிசலுக்கு இரண்டு புரி நூல் என்பது வழக்கம். "பரிசலு கவுறதுக்கு முன்னால நூலு அந்து போகோணும் புள்ள. மீன் எங்க போயிரும், நாளைக்கு வரும்" என்று அம்மாவிடம் சொல்வார். சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால்தானோ என்னவோ, அது அவள் மனத்தில் பதியவில்லை.

எனக்கு எட்டு வயதான ஆண்டு, பெரிய வாளை மீன் ஒன்று நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று மாலை அம்மாவின் தம்பி, என் மாமன், ஊர்க்காரர்கள் நாலைந்து பேரோடு வாசலுக்கு வந்தார்.

"ஏனுங் மச்சான், மீனுக்கு நூல் தானம் பண்ணீட்டு வந்தீங்களாமா? அடுத்த வாட்டி வேட்டியும் குடுத்துட்டு வாங்க."

அய்யனும் சேர்ந்துதான் சிரித்தார். அடுப்படியில் இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அய்யன் சந்தைக்குப் போயிருந்தபோது அம்மா பரிசலுக்குப் புது நூல் முறுக்கினாள். இரண்டு புரி ஏறியதும் நான் முனையை விடப்போனேன். "விடாத கண்ணு, இன்னொன்னு ஏத்தோணும்" என்றாள். திரும்பத் திரும்பக் கறையில் தோய்த்துக் காயவைத்ததில் நூல் இறுகிக் கறுத்து, புரி எத்தனை என்று பார்வைக்குத் தெரியாமல் போயிற்று. அதை வாங்கி இழுத்துப் பார்த்த அய்யன், "நல்லா வந்திருக்குது புள்ள" என்றார். அம்மாவின் முகம் அன்று மலர்ந்ததுபோல் பிறகு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த நூலோடு அய்யன் கயத்துக்குப் போன அன்று, துறையில் துணி துவைத்தவர்கள் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: நூல் விறைத்தது, பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது, ஒரு விளிம்பு தண்ணீருக்குள் இறங்கியது. அய்யனை மறுநாள் எடுத்தார்கள். கவிழ்ந்த பரிசலை மாமன் கரைக்கு இழுத்து வந்தார். நூல் அறாமல் வரிச்சிலேயே இருந்தது. அவர் அதன் முனையைப் பிரித்தார்; மூன்றும் தனித்தனியாக விரிந்தன.

"அக்கா, இது கரை நூலாச்சே."

"நாந்தான் முறுக்குனேன்" என்றாள் அம்மா. "நீ சிரிச்சயில்ல."

அதன் பிறகு எங்களை வளர்த்தவரும், பெண் பிள்ளைக்கு எதற்கு என்று ஊரார் சொன்னதைக் கேளாமல் என்னைப் பள்ளியில் சேர்த்தவரும் அந்த மாமன்தான். அம்மாவோ உறுதியான எந்த நூலையும் தொடுவதை விட்டாள். என் சடையை நைந்த வாழைநாரால்தான் கட்டுவாள். பாதி வழியிலேயே அது அவிழ்ந்துவிடும், நான் தலைவிரிகோலமாகவே வகுப்பில் போய் உட்காருவேன்.

சென்ற வாரம் என் மகன் கோயமுத்தூர் கடையிலிருந்து சீமைப் பட்டு நூல் வாங்கி வந்தான். "யானையக் கட்டுனாலும் அறாதுங்கம்மா" என்றான். கூட்டாளியின் பரிசலில் போகப்போகிறானாம். தடுத்தால் சொல்லாமல் போவான், எனக்குத் தெரியும். பட்டு நூலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எதிர்முனையைப் பிடிக்க ஆளில்லாமல் சன்னல் கம்பியில் கட்டி, பருத்தி நூலை நானே முறுக்கினேன். கறை ஏற்றக் காய் இல்லை. ஆற்றோரத்துப் பனிச்சை மரங்களை எப்போதோ வெட்டிவிட்டார்கள். வெள்ளை நூலாகவே கொடுத்தேன்.

"இது கெண்டைக்கே தாங்காதும்மா."

"தாங்க வேண்டாஞ் சாமி. இதக் கொண்டு போறதுன்னா போ."

நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் வந்தான். நூல் சுற்றிய குச்சியை முற்றத்தில் எறிந்தான். "பெரிய மீனும்மா. அறுத்துட்டுப் போயிருச்சு. எல்லாரும் சிரிக்கறாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குச்சியை எடுத்துப் பார்த்தேன். அறுந்த இடத்தில் இரண்டு புரியும் பிரிந்து, ஈரமாக நின்றன. அதைக் கையில் வாங்கிப் பார்க்க அம்மா இப்போது இல்லை.