ஒரே பெயர் இரண்டு தடவை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டில் கை வைக்கும்போது போன். கெங்குவார்பட்டிப் பக்கத்திலிருந்து என் நண்பன் அருளப்பன். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. வழக்கமாக ஐந்து நிமிடம் என்னை ஓட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். அன்று நேராக வந்தான்.

“ஏலே, எங்க அத்தை கதவத் தொறக்க மாட்டேங்குறாகப்பா. மக கல்யாணத்துக்கு மாதா கோயில்ல மொத ஓலை வாசிச்சு அறிவிச்சாச்சு. மொதப் பத்திரிகை அத்தைக்குத்தான் வைக்கணும். ரெண்டு தடவை போயி வாசல்ல நின்டுட்டு வந்துட்டேன்.”

“அப்படி என்ன கோபம்?”

“அவுக தண்ணி முறைய நான் புடுங்கிட்டேனாம். சத்தியமா நான் எதையும் தொடல. உன் ஆப்லதான் என்னமோ ஆயிருக்கு, பாரு.”

அதற்கு மேல் எனக்கு இட்லி இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அருளப்பன் குடும்பத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு கூட்டுக் கிணறு. ஒரு நாளைக்கு ஒருவர் முறை. சில வருடங்களுக்கு முன்பு அந்த மோட்டாருக்கு நான்தான் ஒரு சின்ன ஆப் எழுதிக் கொடுத்தேன். யாருக்கு முறையோ அவர் போனுக்குக் காலையில் மெசேஜ் போகும். அன்றைக்கு அவர் போனிலிருந்து மட்டும்தான் மோட்டார் ஓடும்.

முறை வரிசை இருப்பது ஒரு கான்ஃபிக் ஃபைலில். பயப்படாதீர்கள், பெரிய சமாச்சாரம் இல்லை. ஆப்புக்குத் தெரிய வேண்டிய விவரங்களைத் தனியாக எழுதி வைக்கிற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். ஒரே வரியில் எட்டுப் பெயர், நடுநடுவே கமா. எட்டாவது முடிந்தால் மறுபடி முதல் பெயர்.

கான்ஃபிக் ஃபைல் என்றாலே எனக்கு என் முதல் வேலை ஞாபகம் வந்துவிடும். போடியில் ஏலக்காய்க் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். மழை நாளில் மூட்டை வாசம் படியேறி வந்து கீபோர்டில் உட்கார்ந்துகொள்ளும். கீழே கடைக்காரர் அண்ணாந்து பார்த்து ஒரு சத்தம் கொடுப்பார். “தம்பி, புது ரகம் ஒண்ணு வந்துருக்கு, லிஸ்ட்ல சேத்துரு!” ஃபைலைத் திறப்போம். ஒரு கமா, ஒரு பெயர், சேவ். முடிந்தது! பத்து நிமிடத்தில் டீ வரும், சில நாள் கூடவே சூடாக வடையும் வரும். இன்று அதே வேலைக்கு ஒரு ஸ்க்ரீன், ஒரு பாஸ்வேர்டு, ஒரு ஓடிபி, அப்புறம் யாரோ ஒருவருடைய அப்ரூவல்... அந்த நாள் மாதிரி வராது சார். மனசாரச் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் முன்பு, கிணற்று ஆப்பை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டி வந்தது. பழைய ஃபைலைத் திறந்தேன். என் கையால் அடித்த வரி! பழைய போட்டோவைப் பார்ப்பது போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ‘லூர்து மேரி’ மூன்றாவது இடத்தில் இருக்கிறது, ஏழாவது இடத்திலும் இருக்கிறது. அருளப்பனின் அத்தை பெயர்தான்.

ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் கை அரிக்கும். அந்தக் காலத்தில் நான் எவ்வளவு அவசரக்குடுக்கை என்று சிரித்துக்கொண்டே ஏழாவதை அழித்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி வேறு!

விளைவு? எட்டு நாளுக்கு ஒரு தடவை வந்த தண்ணீர் எல்லோருக்கும் ஏழாம் நாளே வந்தது. ஏன் சீக்கிரம் வருகிறது என்று யாராவது கேட்டார்களா? மூச்! அருளப்பன் உட்பட. அத்தைக்கு மட்டும் ஒரு முறை காணாமல் போனது. ஆப்பின் பாஸ்வேர்டு அருளப்பனிடம் இருக்கிறது. அத்தை வேறு யாரைச் சந்தேகப்படுவார்?

போனிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். “லேப்டாப்ப எடுத்துக்கிட்டு பஸ் ஏறுடா” என்றான்.

அத்தை எனக்குக் கதவைத் திறந்தார். “நீ வாப்பா. அவன் அங்கனயே நிக்கட்டும்.” உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“நீயா?” என்றார். “நீதானேப்பா அத எழுதுன? கெணத்து மேட்டுல எங்கண்ணன் உன் பக்கத்துல நின்டு சொன்னாகளே... ‘தங்கச்சி பேர ரெண்டு தடவை போடு. ஒண்ணு அவ புருசன் பங்கு. இன்னொண்ணு அவளக் கட்டிக் குடுத்தப்ப நான் சீராக் குடுத்த முறை’ன்னு. மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். அத்தை சொன்னதும் மொத்தமும் ஞாபகத்துக்கு வந்தது. அருளப்பனின் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். வெயிலில் ஸ்க்ரீன் தெரியவில்லை என்று என் லேப்டாப்புக்குக் குடை பிடித்தவர் அவர்தான். ஏலக்காய் வாசமும் வடைச் சூடும் இத்தனை வருடம் பத்திரமாக இருக்கின்றன. அவர் சொன்ன காரணம் மட்டும் எப்படிப் போனது? பழைய நாளை நினைத்து உருகுகிற நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“தண்ணி போனாப் போகுதுப்பா. வாழை எப்படியாச்சும் பொழச்சுக்கும்” என்றார் அத்தை. “எங்கண்ணன் கண்ண மூடுன பெறகு, அவுக குடுத்தத மகனே அழிச்சுட்டானேன்னுதான்...” முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ஏழாவது இடத்தில் பெயரை மறுபடி போட்டேன். அத்தை ஸ்க்ரீனில் விரல் வைத்து இரண்டையும் எண்ணினார். பிறகு கேட்டார். “நாளைக்கு உன்னைய மாதிரி இன்னொருத்தன் வந்து அழிச்சா?”

நியாயமான கேள்வி. பெயர் வரிசைக்கு மேலே ஒரு ஹேஷ் குறி போட்டு எழுதினேன்: ‘லூர்து மேரி இரண்டு தடவை வருவது தவறு இல்லை. இரண்டாவது, அண்ணன் கொடுத்த சீர். அழிக்காதே.’

வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். அதுவும் ஆனது. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏலே அருளு! வெயில்ல ஏண்டா நிக்கிற? பத்திரிகைய எடுத்துக்கிட்டு உள்ள வா.”

ஹேஷ் போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது, தாண்டிப் போய்விடும் என்பதை மட்டும் அத்தையிடம் நான் சொல்லவில்லை — அது கம்ப்யூட்டருக்காக எழுதியதா என்ன?