பட்டு வேட்டியும் சாம்பல் கோட்டும்

மலேசியாவின் காஜாங்கில் லோரி ஓட்டும் முகுந்தன், கிள்ளானில் நடக்கும் மகள் மாதவியின் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மனைவி மகளோடு பிரிந்துபோய் மறுமணம் செய்து பதினைந்து வருடம். வெளியே குளிர்ந்த அடைமழை. பட்டு வேட்டியை விரித்தபோது மாதவி போன் செய்தாள்.

“மழைப்பா, வேட்டி நனைஞ்சிடும்லா. கோட் போட்டு வாங்க.”

“தாரை வார்க்க வேட்டி வேணுமேம்மா?”



“அங்கிள்தான் தாரை வார்க்கிறாருப்பா. அவருதானே வளர்த்தாரு.”

“சரிம்மா.”

வேட்டியை மடித்து வைத்தார். முழுக்கைச் சட்டைக்கு மேல் சாம்பல் கோட்டு, ஈரத்துக்கு ரப்பர் அடி வைத்த சப்பாத்து. மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

பக்கத்து நாற்காலிக்காரர், “அண்ணே, பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டார்.

“தெரிஞ்சவங்க.”

கெட்டிமேளம் முழங்கியது. எழுந்து அட்சதை தூவினார். அது மேடைவரை போகவில்லை.