அண்ணனின் வலது தோள்

என் அண்ணனின் வலது தோளில் தொடங்கிக் கழுத்துவரை ஒரு வெந்த தழும்பு உண்டு. கொதிக்கிற தேங்காயெண்ணெயை வீசியவள் நான்தான். கை தவறிவிட்டது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே திரும்பும் சாலையில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் பொரித்து விற்கிறேன். தோலுரிப்பது, சீவுவது, பொரிப்பது, பாக்கெட் ஒட்டுவது, ஸ்கூட்டரில் கட்டி ஆரியங்கோடு, பெருங்கடவிளை வரை கடைகளில் கொண்டு போடுவது எல்லாம் நான் ஒருத்திதான். ஒத்தாசைக்கு ஆள் வைக்கச் சொல்லாதவர்கள் ஊரில் இல்லை. ஆராதனை முடிந்து சபையை விட்டு வெளியே வந்தால், செருப்பு போடுவதற்குள் நாலு பேர் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அப்பா பெல்ட்டால் அடித்தார். கட்டியவன் கையில் கிடைத்ததை எடுத்து அடித்தான். அவனை விட்டுவிட்டு வந்து வேலைக்குச் சேர்ந்த பேக்கரியில் முதலாளி தட்டைத் தூக்கி முகத்தில் எறிந்தான். இனி என் சோற்றின்மேல் இன்னொருவர் கை இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தொழில் பெருகாவிட்டால் போகட்டும். நான் ஒருத்தி தூக்குகிற அளவுக்கு இருந்தால் போதும்.

ஆனால் கையால் சீவிச் சீவி விரல்கள் மரத்துப்போயின. கடைக்காரர்கள் கேட்கிற அளவுக்குச் சரக்கு கொடுக்க முடியவில்லை. மார்த்தாண்டத்தில் ஒருவர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய சீவும் இயந்திரத்தை வாங்கினேன். வார்ப்பிரும்பு உடம்பு, மோட்டார், தட்டு என்று ஆள் உயரத்துக்கு நின்றது.

கேரளத்தில் எங்கள் பக்கத்தில் வண்டியிலிருந்து எது இறங்கினாலும் ஜங்ஷனில் நிற்கிற நீலச் சட்டைச் சுமட்டுக்காரர்கள்தான் இறக்க வேண்டும். நாமே இறக்கிக்கொண்டால், அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு அவர்களுக்கு நோக்குகூலி கொடுக்க வேண்டும். சட்டம் இதைத் தடுத்து நாளாகிவிட்டது. ஆனால் சட்டம் வந்து ஜங்ஷனில் நிற்பதில்லை. அங்கே முன்னால் நிற்பவன் என் அண்ணன்.

அண்ணன் இருக்கிறான், அவன் ஆட்கள் என்னிடம் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அதுதான் என் தப்பு. முந்தின நாள் அவன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவனே வந்து தோளில் ஏற்றி இறக்கிவிட்டு, சாயா குடித்துவிட்டுப் போயிருப்பான். ஜங்ஷனிலும் அவன் மானம் நின்றிருக்கும். எனக்குத் திமிர். யாரிடமும் கேட்காமல் மார்த்தாண்டத்திலேயே ஸ்பேனர் போட்டு இயந்திரத்தை மூன்றாகக் கழற்றி, ஒரு பிக்கப்பில் ஏற்றி, களியக்காவிளை தாண்டி வந்தேன். சுமட்டுக்காரர்களுக்குப் பயந்து டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. வந்தவுடன் அடுப்பில் வைத்த எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இறக்கி முடித்த உடனே பொரிக்கலாம் என்று கணக்கு.

தட்டும் மோட்டாரும் இறங்கிவிட்டன. இரும்பு உடம்பைப் பலகையில் சாய்த்துக் கயிற்றைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது நாலு பேர் வந்தார்கள். அண்ணன் முன்னால் வந்தான்.

"ஏட்டி, எறக்குததுக்கு முந்தி ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?"

"என் மெஷின், நான் எறக்குதேன். ஒனக்கென்ன?"

"நோக்குகூலி உண்டு. எடுத்து வை. இவனுவ முன்னால என்னை நாணங்கெடுத்தாத."

"நோக்கினதுல கண்ணு வலிக்கோ? கண்ணாஸ்பத்திரிக்குப் போ."

அவன் ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் அண்ணன் திட்டிவிட்டுப் போயிருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஓங்கி ஒன்று விட்டான். காது அடைத்துக் கயிறு நழுவியது. பலகையைக் காலால் உதைத்தான். இரும்பு உடம்பு உருண்டு, என் கால்விரல் நுனிக்கு அருகே மண்ணில் இறங்கியது.

அப்பாவின் அடி, புருஷனின் அடி, முதலாளியின் தட்டு எல்லாம் சேர்ந்து கண்ணுக்குள் ஏறிவிட்டன. கொட்டகைக்குள் போனேன். நீளப் பிடிக் கரண்டியில் எண்ணெயைக் கோரினேன். திரும்பி வந்து வீசினேன். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தேன். யோசிக்க நேரம் இருந்தது. சட்டை தோளோடு ஒட்டியது. அவன் போட்ட சத்தம் ஆள் போடுகிற சத்தமாகவே இல்லை.

மற்ற மூன்று பேரும் என்மேல் பாய்ந்தார்கள். முடியைப் பிடித்துத் தரையில் அடித்தார்கள். ஒருவன் என் இடது மணிக்கட்டின்மேல் ஏறி நின்றான். எலும்பு முறிந்ததை நான் காதால் கேட்டேன். அடுப்பைக் கவிழ்த்தார்கள், டின்களை மிதித்து நசுக்கினார்கள், பாக்கெட் ஒட்டுகிற மெஷினைச் சுவரில் அடித்து உடைத்தார்கள். அடுக்கி வைத்த சிப்ஸ் எல்லாம் எண்ணெயும் மண்ணுமாகக் கிடந்தது. அண்ணன் மட்டும் "விடுங்கலே, அவள விடுங்கலே" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் எங்களைப் போட்டார்கள். எப்படி ஆச்சு என்று டாக்டர் அவனிடம் கேட்டார்.

"எண்ணெ தெறிச்சதாக்கும்," என்றான்.

என்னிடம் கேட்டார். "வழுக்கி விழுந்தேன்," என்றேன்.

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் அப்பா அடித்த மறுநாள், ஞாயிறு பள்ளியில் டீச்சர் கேட்டால் இரண்டு பேரும் இதைத்தான் சொல்வோம். முதுகில் வார் தடம் இருக்கும். வழுக்கி விழுந்தோம் டீச்சர். யார் முதலில் சொன்னாலும் மற்றவரும் அதையே சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவன் பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டோடு வீட்டுக்கு வந்தபோது இயந்திரம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. மழையில் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒற்றைக் கையால் சிப்ஸும் பொரிக்க முடியாது, இரும்பையும் நகர்த்த முடியாது. கடைகளில் வேறு பாக்கெட்டுகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. இன்னும் ஒரு மாதம் போனால் என் தொழில் இருந்த இடம் தெரியாது.

ஒரு நாள் காலையில் கம்பிப்பாரையும் இரண்டு இரும்புக் குழாயும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். பாரையால் நெம்பி, குழாயைக் கீழே கொடுத்து, ஒற்றைக் கையால் உருட்டிப் பார்த்தேன். விரல்கடை அளவுக்கு நகர்ந்தது. நிமிர்ந்தால் வேலியோரம் அண்ணன் நின்றான். நீலச் சட்டை இல்லை. அந்தத் தோளில் இனி சுமடு ஏற்ற முடியாது என்று ஜங்ஷனில் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஒரு வாக்கு சொல்லு மக்கா," என்றான். "எடது தோளு உண்டு. தூக்கித் தாறேன்."

நான் குனிந்து பாரையை இரும்புக்கு அடியில் கொடுத்தேன். அவன் போகவில்லை. வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. நான் நெம்பினேன், உருட்டினேன், விழுந்தேன், எழுந்தேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு முறை அவன் தன் தோளில் ஒட்டிய சட்டையைப் பிடித்து இழுத்தபோது, அப்பாவின் பெல்ட்டுக்குப் பிறகு சின்ன வயதில் முனகுவானே, அதே முனகல் கேட்டது. பாரையைக் கீழே போட்டுவிட்டு அவனிடம் போயிருக்க வேண்டும். வா என்று கூப்பிட்டிருந்தால்கூடப் போதும். வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை.

சாயங்காலம் இயந்திரம் கொட்டகைக்குள் வந்துவிட்டது. தட்டையும் மோட்டாரையும் பூட்டி, தட்டைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஓடியது. அந்தச் சத்தத்தில் அவன் எப்போது போனான் என்று எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்கப் பார்த்து நின்றவன், கூலி கேட்கவில்லை.

இப்போதும் தனியாகத்தான் செய்கிறேன். யார் கையும் என்மேல் இல்லை.